டைனிங் டேபிள் மேட்ல என்ன பிரச்சினை? அறிகுறியைப் பார்த்து சரி பண்ற வழி

கலர் கலரா நாலு மேட் விரிச்சா சாப்பிடற இடமே களை கட்டிடும், இதை நான் மனசார நம்பறேன். ஆனா நிறைய வீட்ல ஆசையா வாங்கின மேட் கொஞ்ச நாள்லயே அலமாரிக்குள்ள போயிடுது, ஏன்னு கேட்டா கறை போகல, சாயம் போகுது, ஓரம் சுருட்டிக்குது, நழுவுதுன்னு ஏதோ ஒண்ணு சொல்வாங்க. இதுல முக்கால்வாசி சரி பண்ணக்கூடியதுதான். கரூர்ல நெய்யற டேபிள் மேட்ல பெரும்பங்கு வெளிநாட்டுக்குப் போகறதுக்குன்னே டிசைன் பண்றாங்க, அங்க முள்கரண்டியில சாப்பிடறாங்க, சாப்பாட்டுல ஈரம் கம்மி. நம்ம வீட்ல கையால பிசையறோம், ரசம் ஓடுது, எல்லாத்துலயும் மஞ்சள்தூள், குக்கரை அப்படியே தூக்கிட்டு வந்து வைக்கறோம். அதனால வைத்தியமும் நம்ம சாப்பாட்டுக்கு ஏத்த மாதிரி இருக்கணும்.

எதுக்கும் முன்னாடி: உங்க மேட் எதுல செஞ்சது?

இது தெரியாம எந்த டிப்ஸையும் ட்ரை பண்ணாதீங்க, ஏன்னா காட்டனுக்கு மருந்தா இருக்கறது கோரைக்கு விஷம். மேட் மேல ஒரு சொட்டு தண்ணி விடுங்க. உடனே உறிஞ்சினா காட்டனோ சணலோ, முத்து மாதிரி நின்னா வினைல், அதாவது பிவிசி. துணி மாதிரியே இருந்தும் சந்தேகமா இருந்தா ஓரத்துல ஒரு நூலை உருவி, சிங்க் பக்கத்துல வெச்சு கொளுத்திப் பாருங்க, பேப்பர் எரியற வாசனையோட சாம்பலானா காட்டன், உருகி கெட்டியா உருண்டையானா பாலியஸ்டர். கோரைப்பாய் மேட்டைப் பார்த்தாலே தெரிஞ்சிடும், புல்லு புல்லா வரி இருக்கும், தொட்டா லேசா வழவழன்னு இருக்கும்.

மஞ்சள் கறை. அதுவும் சோப்பு போட்டதும் சிவப்பா மாறிடுச்சு

அதிகமா பயமுறுத்தற அறிகுறி இதுதான், ஆனா பயப்படவே வேண்டாம். மஞ்சள்ல இருக்கற குர்குமின் அப்படிங்கற நிறமி காரம் பட்டா சிவக்கும், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா குங்குமச் சிவப்பு வர்றதும் ஆரத்தித் தண்ணி சிவக்கறதும் இதனாலதான். துணி சோப்புலயும் காரம் இருக்கறதால கறை ரத்தச் சிவப்பாயிடுது. அதைப் பார்த்துட்டு மேல மேல சோப்பு போட்டு பிரஷ்ஷால தேய்ச்சீங்கன்னா மேட்டோட சொந்த கலர்தான் போகும். நல்லா அலசிட்டு ரெண்டு சொட்டு எலுமிச்சை இல்ல வினிகர் விடுங்க, திரும்ப மஞ்சளாயிடும், அதுக்கப்புறம்தான் நிஜமான வேலையே.

காட்டன் மேட்டுன்னா வரிசை முக்கியம். முதல்ல எண்ணெய், அப்புறம் மஞ்சள், கடைசியா வெயில். சாம்பார் தாளிப்புலயும் குருமாலயும் மஞ்சள் எண்ணெயில கரைஞ்சுதான் துணிக்குள்ள போகுது, குர்குமின் தண்ணியில அவ்வளவா கரையாது, எண்ணெயில கரையும். அதனால கொட்டின உடனே ஸ்பூனால வழிச்சு எடுத்துட்டு, சோளமாவோ முகப் பவுடரோ கனமா தூவி அரைமணி விடுங்க, எண்ணெயை இழுத்துக்கும், அதை உதறிட்டு பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு சொட்டு போட்டு விரலால லேசா தேய்ச்சு பின்பக்கத்துலேந்து தண்ணி விட்டு அலசுங்க, முன்பக்கத்துலேந்து விட்டா கறை இன்னும் உள்ள போகும். இதுக்கப்புறமும் வெளிர் மஞ்சளா ஒரு திட்டு இருக்கும், அதை அப்படியே ஈரத்தோட வெயில்ல போடுங்க. குர்குமின் வெயில் தாங்காது, சிதைஞ்சு போயிடும். காலைல போட்டா சாயங்காலத்துக்குள்ள பெரும்பாலும் காணாமப் போயிடும், பிடிவாதமான கறைன்னா மறுநாளும் போடுங்க. கறை இருக்கற பக்கம் வானத்தைப் பார்த்து இருக்கணும். ஆனா கறை போன பிறகும் மொட்டை மாடியிலயே விட்டுடாதீங்க, அதே வெயில் மேட்டோட சாயத்தையும் வெளுத்துடும்.

வினைல் மேட்ல மஞ்சள் பிடிச்சா சோப்பு அவ்வளவா உதவாது, நிறமி பிளாஸ்டிக்குக்குள்ளயே இறங்கிடும். ஆல்கஹால் கலந்த ஹேண்ட் சானிடைசரை பஞ்சுல எடுத்து ஒத்தி ஒத்தி எடுங்க, குர்குமின் ஆல்கஹால்ல நல்லா கரையும். பிரிண்ட் போட்ட மேட்டுன்னா முதல்ல பின்னாடி ஒரு மூலைல டெஸ்ட் பண்ணுங்க, சில பிரிண்ட் அதோட சேர்ந்தே வந்துடும்.

ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். வெள்ளை மேட்டுக்கு பிளீச் போடறவங்க அதோட வினிகரையோ எலுமிச்சையையோ பாத்ரூம் ஆசிடையோ கலக்கவே கூடாது, குளோரின் கேஸ் வரும், மூடின பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. கலர் மேட்டுக்கு பிளீச் அறவே வேண்டாம்.

முதல் வாஷ்லயே சாயம் போகுது, பக்கத்து மேட்லயும் ஏறிடுச்சு

வாங்கின அன்னிக்கே டெஸ்ட் பண்ணிடலாம். பழைய வெள்ளை கர்சீஃப் ஒண்ணை நனைச்சுப் பிழிஞ்சு மேட் மேல, முக்கியமா அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு வர்ற இடத்துல அழுத்தித் தேயுங்க. கர்சீஃப்ல கலர் ஏறினா அந்த மேட்டைத் தனியாத்தான் துவைக்கணும், ஈரத் தட்டை அது மேல வைக்கக்கூடாது, முக்கியமா லைட் கலர் டேபிள் கிளாத் மேல விரிக்கவே கூடாது.

சாயம் போறதுல ரெண்டு வகை இருக்கு. ரியாக்டிவ் சாயம் பஞ்சு நூலோட கெமிக்கலா ஒட்டிக்கும், அதுல ஒட்டாம மிஞ்சின சாயம் மட்டும்தான் முதல் சில வாஷ்ல வெளிய வரும், அதுக்கப்புறம் நின்னுடும். இந்த வகைக்கு நல்ல சூடான தண்ணில, கை வெச்சா பொறுக்காத அளவு சூட்டுல, தனியா ரெண்டு மூணு தடவை அலசினாலே போதும், தண்ணி தெளிஞ்சுக்கிட்டே வரும். விலை கம்மியான மேட்ல போடற டைரக்ட் சாயம் அப்படி ஒட்டறதில்ல, சும்மா நூல்ல தங்கியிருக்கும், ஒவ்வொரு வாஷ்லயும் கொஞ்சம் கொஞ்சமா போய்க்கிட்டேதான் இருக்கும். எத்தனை தடவை அலசினாலும் தண்ணி கலராவே வந்தா இதுதான்னு வெச்சுக்கோங்க, சாயப்பொடி விக்கற கடைல டை ஃபிக்ஸர் கேட்டு வாங்கி பாக்கெட்ல சொன்னபடி போட்டுப் பாக்கலாம், ஓரளவு நிக்கும்.

உப்புத் தண்ணில ஊற வெச்சா சாயம் நிக்கும்னு எல்லா வீட்லயும் சொல்வாங்க. சாயத் தொட்டில உப்புக்கு நிஜமாவே வேலை இருக்கு, சாயத்தை நூல் பக்கம் தள்ளிவிடும். ஆனா மேட்டை நெய்து முடிச்சு, கடைக்கு வந்து, நம்ம வீட்டு பக்கெட்டுக்கு வந்த பிறகு உப்பு அந்த ஒரு வாஷ்ல சாயம் கம்மியா போற மாதிரி காட்டும், அவ்வளவுதான், நிரந்தரமா எதையும் ஒட்டாது. வினிகரும் காட்டன் சாயத்துக்கு அதே கதைதான்.

பக்கத்து மேட்ல ஏறின கலரை எடுக்கணும்னா அது காயறதுக்குள்ள செய்யுங்க. ஈரமா இருக்கறப்பவே டிடர்ஜென்ட் போட்ட நிறைய தண்ணில முக்கி ராத்திரி பூரா விடுங்க, தண்ணி கலரானா மாத்துங்க. வெயில்ல காஞ்சு, அயர்னும் பண்ணியாச்சுன்னா ரொம்ப கஷ்டம். நம்ம ஊர் கட்டம் போட்ட மெட்ராஸ் துணி 1960கள்ல அமெரிக்கால போனப்போ சாயம் ஒண்ணோட ஒண்ணு கசியறதையே ஒரு அழகுன்னு சொல்லி, சாயம் போகும்னு கேரண்டி குடுத்தே வித்தாங்க. கட்டம் போட்ட மேட்ல கொஞ்சம் கலர் கசிஞ்சு மென்மையாயிட்டா அதைத் தூக்கிப் போடாதீங்க, பல சமயம் புதுசை விட நல்லா இருக்கும்.

டேபிள்ல வெள்ளையா ஒரு வட்டம் விழுந்திருக்கு, மேட் விரிச்சும்

மேட் விரிச்சிருந்தோமே, எப்படின்னு கேக்கறவங்க நிறைய பேர். மெல்லிசு காட்டன் மேட்டும் ஒத்தை அடுக்கு வினைல் மேட்டும் தட்டுக்குத்தான், இறக்கின பாத்திரத்துக்கு இல்ல. தட்டுல இருக்கற சோறு எவ்வளவு சூடா இருந்தாலும் கை வெச்சு சாப்பிடற சூடுதான், ஆனா அடுப்புலேந்து அப்படியே வர்ற இட்லிப் பாத்திரம் 100 டிகிரி பக்கத்துல இருக்கும், எண்ணெய்ச் சட்டி அதைத் தாண்டி எங்கயோ இருக்கும். பிவிசி 80 டிகிரி பக்கத்துலயே இளக ஆரம்பிச்சிடும். அதனால நடுவுல பாத்திரம் வைக்கற இடத்துக்கு மரத்துலயோ கார்க்லயோ செஞ்ச ஸ்டாண்ட், இல்லாட்டி நம்ம பழைய பிரிமணை. பிரிமணைக்கு நிகரே இல்ல, பாத்திரம் ஆடாது, அடியில காத்தும் போகும்.

விழுந்த வட்டம் வெள்ளையா இருந்தா நல்ல செய்தி, சூட்டுல பாலிஷுக்குள்ள ஈரம் போய் மாட்டியிருக்கு, மரம் வரைக்கும் போகல. சுத்தமான காஞ்ச காட்டன் துணி ஒண்ணை அது மேல விரிச்சு, அயர்ன் பாக்ஸை ரொம்ப கம்மி சூட்டுல, நீராவி இல்லாம, நிறுத்தாம நகர்த்திக்கிட்டே சில விநாடி தேயுங்க, தூக்கிப் பாருங்க, மறுபடி தேயுங்க. ஹேர் டிரையரும் ஓகே. மறைவான ஓரத்துல ஒரு தடவை பார்த்துட்டு செய்யுங்க. வட்டம் கறுப்பா இருந்தா ஈரம் மரத்துக்கே போயிடுச்சு, அது பாலிஷ்காரர் வேலை.

ஓரம் சுருட்டிக்குது, தட்டு நேரா உக்கார மாட்டேங்குது

வினைல் மேட்டை கடையில சுருட்டி வெச்சு குடுத்திருப்பாங்க, அதனால வர்றது. வெதுவெதுப்பான தண்ணில பத்து நிமிஷம் போட்டு எடுத்து, துடைச்சு, சமமான தரையில விரிச்சு மேல பெரிய பலகையோ கனமான புக்கோ வெச்சு ராத்திரி விடுங்க. கொதிக்கற தண்ணி ஊத்தாதீங்க, நெளிஞ்சு போய் அப்புறம் எதுக்கும் சரியாகாது.

காட்டன் மேட் சுருட்டினா வேற காரணம், மேல் துணியும் அடித் துணியும் வேற வேற அளவுல சுருங்கியிருக்கும். ஈரமா இருக்கறப்பவே நாலு மூலையையும் இழுத்து சதுரமாக்கி காயப் போட்டு, லேசா தண்ணி தெளிச்சு பின்பக்கம் அயர்ன் பண்ணுங்க. காட்டன் எதுவா இருந்தாலும் முதல் வாஷ்ல கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும், அதனால வாங்கறப்பவே அளவுல கறாரா இருக்காதீங்க. கஞ்சி போட்டா ஜம்முன்னு விறைப்பா நிக்கும், ஆனா கஞ்சி போட்டதை மாசக்கணக்கா அலமாரில வெச்சா வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் தேடி வரும், உடனே பயன்படுத்தற மேட்டுக்கு மட்டும் போடுங்க. பக்கத்துல குஞ்சம் வெச்ச மேட்டை மெஷின்ல போடறதுன்னா தலகாணி உறைக்குள்ள போட்டு முடிச்சு போட்டுடுங்க, இல்லாட்டி குஞ்சம் சிக்கிக்கிட்டு சிடுக்கெடுக்கறதுக்குள்ள பொழுது போயிடும்.

சாப்பிடறப்போ மேட் நழுவுது

கிளாஸ் டேபிள், கிரானைட் டேபிள்ல இது சகஜம், கையால பிசையறப்போ தட்டோட மேட்டும் சேர்ந்து நகரும். டிராயருக்குள்ள விரிக்கற வலை மாதிரி ஆன்ட்டி ஸ்லிப் ஷீட் ரோலா கிடைக்கும், அதை மேட்டை விட சுத்தி ஒரு விரக்கடை சின்னதா வெட்டி அடியில போடுங்க. ஒட்ட வேண்டியதில்ல, ஒட்டினா துவைக்க முடியாது. பாலிஷ் போட்ட மர டேபிள்னா ரப்பர்ல செஞ்சதைத் தவிர்த்துட்டு சிலிகான் வாங்குங்க, ரப்பர் நாளாக நாளாக பாலிஷ்ல மஞ்சளாவோ பழுப்பாவோ கறை விடும்.

நழுவறதுக்கு எதிர்: டேபிளோட ஒட்டிக்கிச்சு

வினைல் மேட்டை வாரக்கணக்கா எடுக்காமலே விட்டா வரும். பிவிசிய மெத்துன்னு வெக்கறதுக்கு ஒரு எண்ணெய்ப்பசையான பொருள் சேர்ப்பாங்க, அது மெதுவா கசிஞ்சு வார்னிஷை இளக்கிடும், மேட்டோட டிசைன் அப்படியே டேபிள்ல பதிஞ்சிடும். பிச்சு எடுக்காதீங்க, ஹேர் டிரையர்ல லேசா சூடு காட்டி ஒரு மூலைலேந்து மெதுவா உரிங்க. இனிமே தினமும் ராத்திரி எடுத்து துடைச்சு, அடியிலயும் துடைச்சு, டேபிளை கொஞ்ச நேரம் சும்மா விடுங்க.

கோரை மேட்ல பூஞ்சை, இல்ல மக்கின வாடை

ஐப்பசி கார்த்திகை அடைமழையில வர்ற தொந்தரவு இது. திருநெல்வேலி பத்தமடை பாய்க்கு புவிசார் குறியீடே இருக்கு, தாமிரபரணி பக்கத்துக் கோரையைக் கீறி, ஊறப் போட்டு, சாயம் ஏத்தி, மெல்லிசா பட்டு மாதிரி நெய்வாங்க, இப்ப அதே கைவேலையில டேபிள் மேட்டும் கிடைக்குது, சிவப்பு, பச்சை, ஊதா கரை போட்டது. என்னோட சொந்த விருப்பம்னு கேட்டா இதுக்குத்தான் முதல் ஓட்டு. ஆனா கோரை ஒரு தண்டு, உள்ள பஞ்சு மாதிரி இருக்கும், ஈரத்தை இழுத்து வெச்சுக்கும், அதனால ஊற வைக்கவே கூடாது.

பூஞ்சை வெள்ளையா, பச்சையா தூள் தூளா இருந்தா வீட்டுக்குள்ள உதறாதீங்க, வெளிய எடுத்துட்டுப் போய், மூக்குல துணி கட்டிக்கிட்டு, காஞ்ச பிரஷ்ஷால கோரை ஓடற திசையிலயே தேய்ச்சு விடுங்க. அப்புறம் வினிகரும் தண்ணியும் பாதிப் பாதி கலந்து துணியை நனைச்சு ஒட்டப் பிழிஞ்சு துடைங்க, முதல்ல ஓரத்துல துடைச்சு சாயம் ஏறுதான்னு பாருங்க. துடைச்ச கையோட ஃபேன் காத்துல நிக்க வெச்சு காய விடுங்க, காலை இளவெயில்ல கொஞ்ச நேரம் காட்டலாம், உச்சி வெயில்ல போட்டா கோரை நொறுங்கிப் போகும். தினமும் சாப்பிட்டு முடிச்சதும் ஈரத்துணியால துடைச்சு, அடுக்கி வைக்காம சுவத்துல சாய்ச்சு வெச்சீங்கன்னா இந்தத் தொல்லையே வராது. ரசம், மோர் ஓடற சாப்பாட்டுக்கு காட்டன், டிஃபனுக்கும் டீக்கும் கோரைன்னு பிரிச்சு வெச்சுக்கறது நல்ல ஏற்பாடு.

எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா டேபிள் டல்லா இருக்கு

எனக்கு ரொம்பப் பிடிச்ச பிரச்சினை இது, ஏன்னா இதுக்கு பெரும்பாலும் காசே செலவாகாது.

முதல்ல டேபிளோட நிறத்தைப் பாருங்க. தேக்கு, ரோஸ்வுட் கலர் டேபிள்ல மெரூன், பிரவுன், காபி கலர் மேட் விரிச்சா மேட் டேபிளோடயே கரைஞ்சு போயிடும். அதே டேபிள்ல கடுகு மஞ்சள், கிளிப்பச்சை, மயில் நீலம் விரிச்சுப் பாருங்க, கண்ணு நேரா அங்கதான் போகும். அப்புறம் தட்டு. எவர்சில்வர் தட்டுக்கு அழுத்தமான ஒத்தைக் கலர் மேட்தான் எடுப்பு, தட்டோட விளிம்புல அந்தக் கலர் பளபளன்னு பிரதிபலிக்கும், அதைப் பக்கத்துல உக்காந்து பார்த்தாத்தான் தெரியும், மேட் நீலம்னா தட்டோட சுவரே நீலமா மாறி நடுவுல வெள்ளைச் சோறு தனியா நிக்கும். பூப்போட்ட மெலமைன் தட்டுக்கு பூப்போட்ட மேட் வேண்டாம், ரெண்டும் சண்டை போடும். வெள்ளை பீங்கானுக்கு எது வேணா போடலாம், பவானி ஜமக்காளம் மாதிரி கோடு போட்ட மேட் அதுக்குன்னே பிறந்தது.

எல்லா மேட்டும் ஒரே செட்டா இருக்கணும்னு யாரும் சட்டம் போடல. ஒரே தறி ரகத்துல, ஒரே அளவுல, ஆளுக்கு ஒரு கலர் வெச்சா வீடே கலகலன்னு ஆயிடும், அதுக்கு அளவு ஒண்ணா இருந்தா போதும். கறை பட்ட ஒண்ணை மாத்தறதும் சுலபம், செட்டு உடைஞ்சதேன்னு கவலை இல்ல.

அப்புறம் லைட். 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்ல சிவப்பும் ஆரஞ்சும் செத்துப் போயிடும், சாம்பாரே வெளிறித் தெரியும். டேபிளுக்கு மேல ஒரே ஒரு பல்பை 2700 இல்ல 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சமா மாத்துங்க, அட்டையில சிஆர்ஐ, அதாவது நிறத்தை எவ்வளவு சரியா காட்டும்ங்கற அளவு, 90ன்னு போட்டிருந்தா இன்னும் நல்லது, நிறம் நிறமாவே தெரியும். புது மேட் வாங்கறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க, பழைய மேட்டே புதுசாயிடும்.

இடம் பத்தல, மேட்டெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது

சாதாரண மேட் 45க்கு 30 செமீ இருக்கும், ஒரு ஆள் முழங்கை இடிக்காம சாப்பிட 60 செமீ அகலம் வேணும். டேபிளோட நீளத்தை அளந்து 60ஆல வகுத்துப் பாருங்க, அந்தப் பக்கம் அத்தனை பேர்தான். வட்ட டேபிள்ல செவ்வக மேட் மூலை மூலையா இடிக்கும், அதுக்கு வட்ட மேட்டோ ஆப்பு வடிவத்துல வெட்டின மேட்டோ வாங்குங்க. டம்ளரும் ரசக் கிண்ணமும் மேட்டுக்குள்ளயே வைக்கணும்னா 50க்கு 35 தேடுங்க, நம்ம சாப்பாட்டுக்கு அந்த அளவுதான் தாராளமா இருக்கு. தலைவாழை இலை போடற அன்னிக்கு மேட்டை எல்லாம் எடுத்துடுங்க, இலை மேட்டை விட நீளம், தண்ணி தெளிச்சா மேடு பள்ளத்துல தேங்கி மேட்டுக்குள்ளதான் போகும், டேபிள் நீளத்துக்கு வெள்ளைப் பேப்பர் ரோல் போதும்.

குழந்தை மேட்டை இழுத்து எல்லாத்தையும் கவுத்துடுது

தவழற வயசுலேந்து ரெண்டு மூணு வயசு வரைக்கும் தொங்கற ஓரம் எதுவுமே இருக்கக்கூடாது, மேட்டோட விளிம்பு டேபிள் விளிம்புக்கு உள்ள நாலு விரக்கடை தள்ளி இருக்கட்டும், சூடான ரசமும் குழம்பும் குழந்தை கை எட்டாத பக்கம். குழந்தைக்குன்னு டேபிள்ல ஒட்டிக்கற சிலிகான் மேட் கிடைக்குது, ஓரம் கொஞ்சம் தூக்கி இருக்கும், சிந்தினது அதுக்குள்ளயே நிக்கும், துடைச்சா போச்சு. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைங்கன்னா கடைக்குக் கூட்டிட்டுப் போய் அவங்க கலரை அவங்களே எடுக்க விடுங்க, சாப்பிட உக்கார்றதுக்கு முன்னாடி எல்லாருக்கும் மேட் விரிக்கற வேலையையும் அவங்க கிட்டயே குடுத்துடுங்க.